ஸ்பான்சர் செய்வது மகள், அதிகாரி எடைபோடுவது உங்களை

கேள்வி: ஐயா, நாங்கள் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு ஏக்கர் நெல், முக்கால் ஏக்கர் மல்லிகை இருக்கிறது. வீட்டுக்காரர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த மகளும் மருமகனும் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் வேலை பார்க்கிறார்கள். மகளுக்கு பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைத்து மூன்று வருஷம் ஆகிறது. வருகிற தை மாதம் அவளுக்குத் தலைப்பிரசவம். போன வருஷம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று டூரிஸ்ட் விசா போட்டோம், இருவருக்கும் மறுத்துவிட்டார்கள். இப்போது மகள், "நான் ஸ்பான்சர் செய்கிறேன், பாண்டு கட்டச் சொன்னால் கட்டலாம்" என்கிறாள். மருமகன் பணத்தை நமக்காக ஈடு வைப்பதா என்று வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. மதுரையில் ஓர் ஏஜென்சியில் கேட்டோம். மூன்று லட்சம் கொடுங்கள், உங்கள் கணக்கில் 15 லட்சம் ஒரு மாதம் நிற்கிற மாதிரி செய்கிறோம், வருமான வரிக் கணக்கும் நாங்களே தயார் செய்கிறோம், விசா உத்தரவாதம் என்கிறார்கள். வீட்டில் எண்பது தாண்டிய மாமியார் இருக்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். நாங்கள் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்.)

பதில்: அம்மா, நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த தாள்களில் மறுப்புக் கடிதத்தின் பிரதியைத்தான் முதலில் படித்தேன். அதில் 600.211 என்று ஓர் எண் வருகிறது பாருங்கள், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. வருகிறவர் தற்காலிகமாகத் தங்கிவிட்டுத் திரும்பிப் போகும் எண்ணம் உள்ளவர் என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும் என்பது அந்த விதி. உங்கள் விஷயத்தில் அந்தத் திருப்தி வரவில்லை. அவ்வளவுதான். உங்கள் மீது குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை, தடையும் போடவில்லை. மறுபடி விண்ணப்பிக்கலாம்.

ஏன் திருப்தி வரவில்லை என்பது, போன தடவை நீங்கள் இணைத்த தாள்களைப் பார்த்தாலே தெரிகிறது. மகளின் சம்பளச் சீட்டு, மகளின் வங்கிக் கணக்கு, மருமகனின் வேலைக் கடிதம், அவர்கள் இருக்கும் வீட்டு வாடகை ஒப்பந்தம். எல்லாம் சரிதான். ஆனால் அத்தனையும் மெல்போர்னைப் பற்றிய தாள். திருமங்கலத்தைப் பற்றி உங்கள் பாஸ்போர்ட் தவிர ஒன்றுமே இல்லை. அதற்கு மேல், எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு 12 மாதம் என்று போட்டிருக்கிறீர்கள். அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். மகளிடம் வசதி இருக்கிறது, ஒரு வருஷம் தங்கக் கேட்கிறார்கள், ஊரில் இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இவர்கள் ஏன் திரும்ப வேண்டும்? அந்தக் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுக்கத்தான் தவறிவிட்டது.

இப்போது ஸ்பான்சர் விசாவுக்கு வருகிறேன். இது தனி விசா அல்ல. போன தடவை நீங்கள் போட்ட அதே 600 விசிட்டர் விசாவில் 'ஸ்பான்சர்டு ஃபேமிலி' என்று இன்னொரு பிரிவு. மேலே சொன்ன 600.211 இதற்கும் உண்டு. ஸ்பான்சர் இருந்துவிட்டால் திரும்பி வருவதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று நம்மூரில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. இந்தப் பிரிவில் மகள் 1149 என்ற படிவத்தில், அம்மா அப்பா தங்கும் செலவுக்கும் விசா நிபந்தனைகளை மீறாமல் திரும்புவதற்கும் நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறாள். அவள் குடியுரிமையோ பி.ஆரோ உள்ளவளாக, அங்கே வேரூன்றியவளாக இருக்க வேண்டும். பொதுவாக 2 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டதால் இதில் சிக்கல் இல்லை.

பாண்டு என்பது பிணைத்தொகை. எல்லாரிடமும் கேட்பார்கள் என்று கட்டாயம் இல்லை, ஆனால் இந்தப் பிரிவில் கேட்பது சகஜம். கேட்டால் ஆளுக்கு 5,000 முதல் 15,000 ஆஸ்திரேலிய டாலர் வரை இருக்கலாம். ஒரு டாலரை ஐம்பது ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலே ஆளுக்கு இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. சின்னத் தொகை இல்லை. ஆனால் அதை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலித்துவிட்டு, கட்டுங்கள் என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறை எழுத்தில் கேட்ட பிறகு, மகள் அங்கேயே கட்டுவாள். மதுரையில் இருக்கும் எந்த ஏஜென்சியும் உங்களிடம் பாண்டுத் தொகை என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிபந்தனைப்படி தங்கி, விசா முடிவதற்குள் நீங்கள் கிளம்பி வந்துவிட்டால் பணம் முழுசாக மகளிடம் திரும்பும்.

உங்கள் வீட்டுக்காரரின் மனத்தாங்கலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் கை நீட்டி நிற்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு தகப்பனுக்குத் தோன்றுவது நியாயம்தான். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஸ்பான்சர் செய்வது மருமகன் அல்ல, உங்கள் மகள். அவளே பி.ஆர். உள்ளவள், அவளே சம்பாதிக்கிறவள். கையெழுத்தும் பணமும் அவளுடையதாகவே இருக்கலாம், மருமகன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம், அந்தப் பணம் யாருக்கும் கொடுக்கிற பணம் அல்ல, உங்கள் சொல்லுக்கு ஈடாக வைக்கிற பணம். நீங்கள் சொன்ன தேதிக்கு விமானம் ஏறினால் அது வந்துவிடும். ஏறாவிட்டால் பாண்டு போவதோடு நிற்காது, மகள் 5 வருஷத்துக்கு வேறு யாரையும் இந்தப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாமலும் போகலாம். ஆகவே கௌரவம் என்று பேசினால், அது நீங்கள் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

இந்தப் பிரிவில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. 8503 என்ற நிபந்தனை விசாவோடு கட்டாயம் வரும். அங்கே இறங்கிய பிறகு, அங்கிருந்தபடியே இன்னும் இரண்டு மாதம் நீட்டுங்கள் என்று கேட்க முடியாது. விசா கிடைத்த பிறகு, உங்கள் கையை மீறி ஏதாவது பெரிதாக நடந்தால்தான் அதைத் தளர்த்துவதைப் பற்றியே பேச முடியும். பேரக்குழந்தையை விட்டு வர மனசில்லை என்பது அதில் சேராது. அதனால் எத்தனை நாள் என்பதை இங்கேயே, விண்ணப்பிக்கும் முன்பே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

டூரிஸ்ட் பிரிவா, ஸ்பான்சர் பிரிவா என்று கேட்டால், உங்கள் நிலைக்கு நான் ஸ்பான்சர் பிரிவைத்தான் சொல்வேன். ஒரு மறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. பிரசவத் தேதியைத் தள்ளிப்போட முடியாது. டூரிஸ்டில் மறுபடி போட்டு, மறுத்து, மூன்றாவதாக இன்னொன்று போட அவகாசம் இருக்காது. நீட்டிக்க முடியாது என்ற கண்டிப்பும் உங்களைப் பாதிக்காது, ஏனென்றால் உங்களைத் திரும்ப இழுக்கிற விஷயம் வயலிலேயே இருக்கிறது. மல்லிகைக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மார்கழி, தையில் பூ வரத்து சுருங்கிவிடும். கவாத்து முடிந்த செடி தழைத்து, பங்குனியில் பூ குவிய ஆரம்பிக்கும். மார்கழியில் கிளம்பி பங்குனி பிறக்கும்போது திரும்புகிறேன், அதற்குப் பிறகு தினம் விடிகாலையில் பூப்பறிக்க ஆள் விட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப நான் இருந்தாக வேண்டும் என்று நீங்கள் எழுதினால், அது இட்டுக்கட்டி எழுத முடியாத காரணம். மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, நான்கு மாதத்துக்குள் கேளுங்கள். 12 மாதத்தை மறந்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றிப் போன விண்ணப்பத்தில் ஒரு சொல்கூட இல்லை. எண்பது தாண்டிய தாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பம் ஒரேயடியாக வெளிநாட்டில் போய் உட்கார்ந்துவிடாது. இதைச் சொன்னால் பாரமாக நினைப்பார்களோ என்று மறைக்கிறவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். அவருடைய ஆதார், மருத்துவமனைச் சீட்டு, ஒரே முகவரியில் இருப்பதற்கான ரேஷன் கார்டு எல்லாம் வையுங்கள். அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் அதுவே எதிர்க்கேள்வி ஆகிவிடும். என் யோசனை இது: இருவரும் ஒன்றாகவே விண்ணப்பியுங்கள், ஆளுக்கொரு விண்ணப்பம்தான். ஆனால் நாட்களை வேறு வேறாகக் கேளுங்கள். நீங்கள் பிரசவத்துக்கு முன்பே போய் நான்கு மாதம் வரை. உங்கள் வீட்டுக்காரர் குழந்தை பிறந்த பிறகு ஐந்து, ஆறு வாரம். அந்த வாரங்களில் நாத்தனாரோ வேறு சொந்தமோ வந்து உங்கள் மாமியாரோடு இருக்கிறார்கள் என்றால் அதை அவர்கள் கைப்பட எழுதி வாங்குங்கள். உண்மையில் அப்படி ஏற்பாடு இருந்தால் மட்டும் எழுதுங்கள். மகன் கல்லூரியில் படிப்பதற்குக் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ் போதும்.

இனி தாள்கள். வீட்டுக்காரரின் பென்ஷன் உத்தரவு, பென்ஷன் விழுகிற கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட், வீட்டு வரி ரசீது, நிலத்துக்குப் பட்டா, சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் பதிவு). இவை சுலபம். வருமான வரிக் கணக்கு இல்லையே என்றுதான் விவசாயக் குடும்பங்கள் பயந்து ஏஜென்சியிடம் மாட்டிக்கொள்கின்றன. விவசாய வருமானத்துக்கு நம் நாட்டில் வரி கிடையாது. அதனால் கணக்குத் தாக்கல் செய்யாதது தப்பும் அல்ல. அதை ஒரு பத்தியில் எழுதி, வருமானம் வேறு எந்தத் தாளில் தெரிகிறதோ அதைக் காட்ட வேண்டும்.

உங்களிடம் அந்தத் தாள் இருக்கிறது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் தருகிற சீட்டு. தேதி, எத்தனை கிலோ, அன்றைய விலை, கமிஷன் கழிவு, கைக்கு வந்த தொகை என்று பென்சிலிலோ பேனாவிலோ கிறுக்கியிருக்கும் அந்தத் துண்டுச் சீட்டுகளைப் பலரும் சுருக்குப்பையில் வைத்து, மாதக் கணக்கு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் போடாதீர்கள். இருப்பதைத் தேதிவாரியாக ஒட்டி நகல் எடுங்கள். கடைக்காரரிடம், இன்ன நிலத்திலிருந்து இத்தனை வருஷமாக இவர்கள் பூ என் கடைக்கு வருகிறது, வருஷத்துக்குச் சுமார் இவ்வளவு பட்டுவாடா செய்கிறேன் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். அந்தப் பணம் வங்கியில் விழுந்திருந்தால், ஸ்டேட்மென்டில் அந்த வரிகளைக் கோடிட்டுக் காட்டுங்கள். சீட்டில் உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பொருந்துகிற இடத்தில் அதிகாரிக்கு நம்பிக்கை பிறக்கும். ஒரு லட்சமோ இரண்டு லட்சமோதான் கணக்கில் இருக்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். சாப்பாடும் தங்குவதும் மகள் பொறுப்பு என்று அவள் எழுதித் தரப்போகிறாள். உங்கள் கணக்கு உங்கள் வாழ்க்கையைக் காட்டினால் போதும்.

தமிழில் உள்ள தாள்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், மொழித் தகுதி கடைசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு நோட்டரி முத்திரை மட்டும் குத்திக் கொடுக்கிறார்கள், அது போதாது.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. மகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் 'அம்மா' என்று முடிகிறது, உங்கள் பாஸ்போர்ட்டில் 'அம்மாள்' என்று முடிகிறது. இனிஷியலும் ஓரிடத்தில் தகப்பனார் பெயருக்கு, இன்னோரிடத்தில் கணவர் பெயருக்கு. நம்மூரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். இதற்காகப் பாஸ்போர்ட்டை மாற்ற அலைய வேண்டாம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஓர் அஃபிடவிட் நோட்டரியிடம் செய்துகொள்ளுங்கள். மகள் கையில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் இருப்பதால், அதன் கடைசிப் பக்கத்தில் தாய் தகப்பன் பெயர் அச்சிட்டிருக்கும். அதையும் நகலெடுத்து வையுங்கள்.

அந்த ஏஜென்சி பற்றி: போகாதீர்கள். கட்டணம் அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு மாதம் 15 லட்சத்தைக் கணக்கில் நிறுத்துவதும், இல்லாத வருமானத்துக்கு வரிக் கணக்குத் தயாரிப்பதும் உங்களைத்தான் மாட்டிவிடும். திடீரென விழுந்த பெரிய தொகையை அதிகாரி முதல் பார்வையிலேயே பிடிப்பார், எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பொய்த் தாள் அல்லது பொய்த் தகவல் என்று முடிவு செய்தால் 4020 என்ற விதியின் கீழ் மறுப்பார்கள். போன வருஷ மறுப்பு மாதிரி அல்ல அது. 3 வருஷத்துக்கு நீங்கள் எந்த விசா கேட்டாலும் அது குறுக்கே நிற்கும். பிறந்த பேரக்குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயது நெருங்கும்வரை நீங்கள் அங்கே போய்ப் பார்க்க முடியாது. தாளைத் தயாரித்தவன் பெயர் அதில் எங்கும் வராது, உங்கள் பெயர்தான் வரும். விசாவுக்கு உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது, என்னாலும் முடியாது.

விண்ணப்பத்தை ஆன்லைனில் மகளோ மகனோ போடலாம். அதற்கான இம்மிஅக்கவுன்ட் என்ற இணையக் கணக்கு உங்கள் குடும்பத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். வேறு யாருடைய மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டால் துறை கேட்கிற கேள்வியே உங்களுக்கு வந்து சேராது, பதில் சொல்லவில்லை என்று மறுப்பு வரும். முன்பு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, அந்த மறுப்புக் கடிதத்தையும் இணையுங்கள். போன தடவை விட்டுப்போன தாள்களை இப்போது வைத்திருக்கிறோம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மகள் எழுதும் அழைப்புக் கடிதத்தில் மருத்துவர் கொடுத்த பிரசவத் தேதிக் கடிதம் சேர வேண்டும். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்ப்பது எங்கள் வழக்கம், நான் ஊருக்கு வர முடியாததால் அம்மா இங்கே வருகிறார் என்று இரண்டு வரி அவள் எழுதட்டும். அதைப் படிக்கிற அதிகாரிக்கு நம் வழக்கம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், நான் வேலைக்குப் போக அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்ற பாணியில் எழுத வேண்டாம். இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. பெற்ற மகளுக்குப் பத்தியம் வைப்பதும் பேரக்குழந்தையைக் குளிப்பாட்டுவதும் குடும்பம். அக்கம்பக்கத்துக் குழந்தையைக் காசு வாங்கிக்கொண்டு பார்ப்பது வேலை. எத்தனை பழக்கமானவர்கள் கேட்டாலும் அதைச் செய்யாதீர்கள்.

உடம்பு விஷயம். அந்நாட்டின் மெடிகேர் என்ற அரசு மருத்துவ வசதி உங்களுக்குப் பொருந்தாது, அதற்கான ஒப்பந்தம் இந்தியாவோடு கிடையாது. விசிட்டர்களுக்கான மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லி, அது காப்பீட்டில் வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். மருந்துகளை மூன்று மாதத்துக்கு மேல் போகாமல், டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் தேவைப்படுவதை அங்கே மருத்துவரிடம் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கப்போகிற தாத்தா பாட்டிக்குக் கக்குவான் இருமல் தடுப்பூசி போடச் சொல்வார்கள். குழந்தையைத் தொடுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும், கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

பிரசவ லேகியம், காயப்பொடி, சுக்கு, பூண்டு என்று மூட்டை கட்டுவீர்கள் என்று தெரியும். பச்சைக் கறிவேப்பிலையும் விதையும் பாலில் செய்த பலகாரமும் வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதை எடுத்துப் போனாலும், விமானத்தில் தருகிற அட்டையில் உணவு, மூலிகை இருக்கிறதா என்ற இடத்தில் ஆம் என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டால் அதிகம் போனால் பொருளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. குறிக்காமல் பிடிபட்டால் பெரிய அபராதம், விமான நிலையத்திலேயே விசா ரத்தாகவும் வாய்ப்பு உண்டு. மகளுக்காகக் கட்டிய மூட்டையால் மகளைப் பார்க்காமல் திரும்புவது மாதிரி கொடுமை வேறில்லை.

மறுத்துவிட்டால் என்ன என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். ஸ்பான்சர் பிரிவில் மகள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். 2024 அக்டோபரிலிருந்து நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் என்ற புதிய அமைப்பு அதைப் பார்க்கிறது. ஆனால் அது பிரசவத் தேதிக்குள் முடியாது, அதை நம்பி இருக்க வேண்டாம். பிற்காலத்தில் வருஷக்கணக்கில் கூட இருக்க வேண்டும் என்று மகள் விரும்பினால் பெற்றோருக்கென்றே 870 என்று ஒரு தற்காலிக விசா இருக்கிறது. 3 அல்லது 5 வருஷம் தங்கலாம். முதலில் மகளின் ஸ்பான்சர் தகுதியை அங்கீகரிக்க வேண்டும், கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். மாமியாரையும் நிலத்தையும் விட்டுவிட்டு அதற்குப் போகிற காலம் இது இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆவணி பிறந்துவிட்டது. புரட்டாசி முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போக வேண்டும். விசா கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். வந்த பிறகு, மதுரையிலிருந்து கொழும்பு போய் அங்கிருந்து மெல்போர்னுக்கு நேரடி விமானம் ஏறுகிற வழி முதல் தடவை போகிறவர்களுக்குச் சிரமம் குறைந்தது. இந்த வாரம் செய்ய வேண்டியது கமிஷன் கடைக் கடிதமும் அடங்கலும். மகளிடம் பிரசவத் தேதிக் கடிதத்தை இன்றைக்கே கேளுங்கள். மூன்றும் கைக்கு வந்ததும், அழைப்புக் கடிதத்தின் நகலோடு எனக்கு அனுப்புங்கள், விண்ணப்பம் போடும் முன்பு ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.